சான்றிதழ் சரி, அட்டெனுவேட்டர் சரியா?

காலிபரேஷனுக்கு, அதாவது அளவுத் துல்லியத்தைச் சரிபார்க்க, எங்களிடம் வரும் சிக்னல் ஜெனரேட்டர்கள் (சோதனைக்கான ரேடியோ சிக்னலைத் தரும் கருவிகள்) சிலவற்றின் பழைய சான்றிதழைப் புரட்டினால், வெளியீட்டு அளவுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 0 டிபிஎம், சரி. டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டை 0 ஆக வைத்த டெசிபல் அளவு; அதாவது, 50 ஓம் சுமையில் ஒரு மில்லிவாட் வருகிறது. ஆனால் வாக்கி டாக்கி ரிசீவரின் உணர்திறனைச் சோதிப்பவருக்குத் தேவை 0.25 மைக்ரோவோல்ட், ஏறத்தாழ மைனஸ் 119 டிபிஎம். சிக்னலை அவ்வளவு கீழே இறக்கிக் கொடுப்பது கருவிக்குள் இருக்கும் அட்டெனுவேட்டர். அதை யாரும் அளக்கவில்லை.

வெளியீட்டை நிலையாக வைத்திருக்க உள்ளே ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) சுற்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; ஆனால் அளவை உணரும் அதன் டிடெக்டர் அட்டெனுவேட்டருக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. தனக்குப் பின்னால் அட்டெனுவேட்டரில் என்ன நடந்தாலும் டிடெக்டருக்குத் தெரியாது. திரை காட்டுவது கருவி கொடுக்க நினைத்த அளவை மட்டுமே.

படிநிலை அட்டெனுவேட்டர் ஒரே துண்டு அல்ல. 10, 20, 40 டெசிபல் எனத் தனித்தனிப் பிரிவுகள்; ரிலேக்கள் என்ற மின் சுவிட்சுகள் அவற்றைச் சேர்க்கும், விலக்கும். 30 கேட்டால் 10-ம் 20-ம் சேரும். 50 கேட்டால் 10-ம் 40-ம். அதனால் எல்லாப் படிகளையும் அளந்து எழுதினால் பட்டியலே நோயைச் சொல்லிவிடும். 20, 40, 60 ஆகியவை ஒழுங்காக இருந்து, 10, 30, 50, 70 நான்கிலும் ஒன்றரை டெசிபல் பிசகினால், பழுது 10 டெசிபல் பிரிவில். அதே படியை மீண்டும் மீண்டும் விலக்கிச் சேர்த்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அளவு மாறினால் ரிலேயின் தொடுமுனையைச் சந்தேகிக்க வேண்டும். மாறாமல் ஒரே அளவு பிசகினால், மின்தடை.

மின்தடை எரிவது பெரும்பாலும் பயன்படுத்துபவரின் கைங்கரியம். ஜெனரேட்டரோடு இணைத்த வாக்கி டாக்கியின் பேசும் பொத்தானை யாரோ அழுத்திவிடுகிறார்கள். ஐந்து வாட் பின்பக்கமாக நுழைகிறது. ஒரு வாட் அளவே தாங்கக்கூடிய பிரிவு என்ன செய்யும்? இப்படிப் பின்பக்கமாக வரும் திறனைத் தடுக்கும் எதிர்த்திறன் பாதுகாப்பு எல்லாக் கருவிகளிலும் கிடையாது.

எரிந்த பிரிவை மாற்றாமல், மென்பொருளின் திருத்த அட்டவணையில் ஒன்றரை டெசிபலைக் கூட்டி அனுப்பும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பிரிவின் மின்மறுப்பும் (இம்பீடன்ஸ்) 50 ஓமிலிருந்து விலகியிருக்கும். எங்கள் மேசையில் சரியாகக் காட்டும் அளவு, வேறு சுமையில் மாட்டியதும் நழுவும்.

அளக்கும் கருவிக்கும் எல்லை உண்டு. வெப்பவகை பவர் சென்சர் மைனஸ் 30 டிபிஎம் வாக்கில் ஓய்ந்துவிடும். டையோடு சென்சர் மைனஸ் 70 வரை வரும். அதற்குக் கீழே, மிகச் சிறிய சிக்னலையும் அளக்கும் மெஷரிங் ரிசீவர்தான். அந்த ஆழத்தில் கேபிளின் கவசத்தையும் நம்ப முடியாது. ஐயம் வந்தால், அளவு தெரிந்த 10 டெசிபல் பேட் (மாறாத அளவு அட்டெனுவேட்டர்) ஒன்றை ஜெனரேட்டரின் வாயிலேயே மாட்டிப் பாருங்கள். அளவு 10 இறங்காமல் ஏழோ எட்டோ இறங்கினால், நீங்கள் அளப்பதில் கசிவோ ரிசீவரின் சொந்த இரைச்சலோ கலந்திருக்கிறது.

கருவியை அனுப்பும்போது, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் மிகக் குறைந்த அளவையும் அலைவரிசைகளையும் எழுதிக் கொடுங்கள். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (இந்தியாவில் ஆய்வகங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) தந்த அங்கீகார வரம்பு அதுவரை எட்டுகிறதா என்று பாருங்கள். சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவீடுகளையும் கேட்டு வாங்குங்கள். அவை இருந்தால் சான்றிதழில் தர வேண்டும் என்று ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலை சொல்கிறது. அந்த முதல் பட்டியலில் மூன்று டெசிபல் பிசகு இருந்தால், சென்ற காலிபரேஷனுக்குப் பிறகு அந்த ஜெனரேட்டரை வைத்துத் தேர்வு செய்த, கழித்த ரிசீவர்கள் அனைத்தையும் மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.