வீட்டில் ஃபிலிம் கழுவுவோருக்கு ஒரு தோல் மருத்துவரின் வேண்டுகோள்

தாத்தா காலத்து அக்ஃபா கிளிக், யாஷிகா, ஜெனிட் போன்ற கேமராக்களைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, அவற்றில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் முட்டம் பாறைகளையும் படமெடுத்து, அந்த ஃபிலிமைத் தாங்களே வீட்டில் கழுவிப் பார்க்கும் இளைஞர்கள் நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கையில் அரிப்பும் வெடிப்புமாக என்னிடம் வருகிறார்கள். பொறுமையையும் கவனத்தையும் பழக்கும் நல்ல பொழுதுபோக்கு இது. நானும் பழைய கேமராவில் படமெடுப்பதுண்டு என்பதால், இதை விட்டுவிடும்படி எவரிடமும் சொல்வதில்லை. ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரை வெறும் கையால் தொடாதீர்கள் என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வருபவரின் கையைப் பார்த்தாலே அவர் எப்படி வேலை செய்கிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஃபிலிமை உள்ளே வைத்து டெவலப்பர் ஊற்றிய, ஒளி புகாத டேங்கைச் சில நொடிகள் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தும்போது மூடியின் ஓரத்திலிருந்து சில துளிகள் கசியும். அந்தத் துளிகள் உள்ளங்கை வழியாக இறங்கி, மோதிரத்தின் அடியிலும் கடிகாரப் பட்டையின் அடியிலும் தங்கிக் காய்ந்துவிடும். அதனால்தான் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளில் தோல் தடித்துப் பிளந்திருப்பதோடு, மோதிர விரலைச் சுற்றியும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளங்கள் வரிசையாக இருக்கின்றன. பலரும் இதைப் படை என்று நினைத்து, மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டு, அரிப்பு அடங்கியதும் மறுபடியும் அதே டேங்கைக் கையில் எடுக்கிறார்கள். களிம்பு அரிப்பை மறைக்கிறதே தவிர, காரணத்தை நீக்குவதில்லை.

காரணம் பெரும்பாலும் மெட்டால் என்னும் வேதிப்பொருள். உலகெங்கும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள டி-76 டெவலப்பரில், ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம் இருக்கும். இரண்டு கிராம்தானே என்று எண்ண வேண்டாம். ஒவ்வாமையைப் பொறுத்தவரை, எவ்வளவு பட்டது என்பதைப் போலவே எத்தனை முறை பட்டது என்பதும் முக்கியம். முதல் சில மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள்கூட, ஒன்றுமே தெரியாது. அந்தக் காலத்தில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு பதித்துக்கொள்கின்றன. பதிவு முடிந்த பிறகு, ஒரு துளி பட்டாலும் ஓரிரு நாட்களுக்குள் கை சிவந்து வீங்கி நீர் கோத்துவிடும். இப்படி வந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் இருக்கும். அதை அழிக்கும் மருந்து எங்களிடம் இல்லை.

தலைமுடிச் சாயம் பூசிக்கொண்டு முகம் வீங்கியவர்கள் இந்த இடத்தில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கறுப்புச் சாயங்களில் உள்ள பாராஃபினைலின்டையமின், சுருக்கமாக பிபிடி, மெட்டாலின் நெருங்கிய உறவுப் பொருள். வண்ண ஃபிலிம் கழுவப் பயன்படும் சி-41 முறையின் டெவலப்பரான சிடி-4 நேரடியாகவே பிபிடியிலிருந்து பிறந்த பொருள். ஆகவே சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்கு வண்ண டெவலப்பரும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்புண்டு. அது மட்டுமன்று, வண்ண டெவலப்பர்கள் கைகளில் ஊதா நிறத்தில் தட்டையான, கடுமையாக அரிக்கும் திட்டுகளை உண்டாக்குவதும் தோல் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. சி-41 முறையில் கரைசல் ஏறக்குறைய 38 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பதால், அந்த இளஞ்சூட்டு நீரில் விரலை விட்டுச் சூடு பார்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

ஹைட்ரோகுவினோனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மங்கு என்று சொல்லும் முகக் கருமைக்கு நாங்கள் அளவோடும் கால வரையறையோடும் எழுதித் தரும் களிம்பில் இருப்பதும் இதே மூலக்கூறுதான். தோலின் நிறமியைக் குறைப்பது அதன் இயல்பு. களிம்பாக வரும்போது மருத்துவரின் கண்காணிப்பு இருக்கிறது. டெவலப்பராக வரும்போது யார் கண்காணிக்கிறார்கள்?

ஒரு காலத்தில் ஸ்டுடியோ நடத்திய பெரியவர் ஒருவர், இந்த அறிவுரையைக் கேட்டதும், "நாங்க எத்தனையோ வருசம் வெறுங்கையாலதான் கழுவினோம் டாக்டரே, ஒண்ணும் ஆவல்ல" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மெட்டால் ஒத்துக்கொள்ளாத பையன்கள் சில மாதங்களிலேயே இருட்டறை வேலையை விட்டு வேறு பிழைப்புக்குப் போயிருப்பார்கள். ஒவ்வாமை வராதவர்களே கடைசிவரை தொழிலில் நின்றார்கள் என்பதால், நின்றவர்களை மட்டும் பார்த்து இது பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியாது. நீங்கள் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது ஒவ்வாமை வந்த பிறகே தெரியும்.

கையுறை என்றதும் நம் ஊரில் ரப்பர் கையுறைதான் நினைவுக்கு வரும். ரப்பர் நம் மண்ணின் பயிர் என்றாலும், இந்த வேலைக்கு நைட்ரைல் கையுறையையே பரிந்துரைக்கிறேன். இயற்கை ரப்பரில் உள்ள புரதமும், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்ற பொருள்களும் தாமே சிலருக்கு ஒவ்வாமை தரும். அப்போது டெவலப்பரால் வந்ததா, கையுறையால் வந்ததா என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடும். மெல்லிய கையுறையை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். உள்ளே துளி புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவுங்கள், ஏனென்றால் வியர்த்த தோலோடு மூடிவைத்த வேதிப்பொருள் வெறுங்கையில் பட்டதைவிட ஆழமாக ஊடுருவும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்காமல் இராது. கறுப்பு வெள்ளைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 20 டிகிரி வெப்பநிலை நம் குழாய்த் தண்ணீரில் கிடைக்காது. கோடையில் அது 30ஐ ஒட்டி வரும். பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்துக் குளிரவையுங்கள், கரைசலைக் கையால் கலக்காதீர்கள்.

மெட்டால் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மெட்டாலுக்குப் பதிலாக ஃபெனிடோன் என்னும் பொருள் சேர்ந்த டெவலப்பர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அது ஒவ்வாமை தருவது மெட்டாலைவிட மிகவும் குறைவு. 1996இல் வந்த எக்ஸ்டால் டெவலப்பரில் ஃபெனிடோனின் வழிவந்த ஒரு பொருளும் வைட்டமின் சி சார்ந்த பொருளும் சேர்ந்து வேலை செய்கின்றன. இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து ஃபிலிம் கழுவும் கஃபெனால் முறையை, 1995இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் வகுப்பாக முயன்று கண்டார்கள்; அதில் வைட்டமின் சி சேர்ப்பது பின்னால் வந்த வழக்கம். மெட்டாலுக்குப் பயப்படுவோருக்கு அதுவும் நல்ல வழிதான். ஆனால் அடுக்களைப் பொருள் என்பதால் அது சாதுவானது என்று நினைக்கக் கூடாது. சலவைச் சோடா வலுவான காரம். செறிவாகத் தோலில் தங்கினால் அரிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து.

நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் பல வீடுகளில் ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் கேனில் இருக்கும். டெவலப்பருக்கும், படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்ஸருக்கும் இடையில், டெவலப்பரின் வேலையை நிறுத்த ஊற்றும் ஸ்டாப் பாத்துக்கு நீர்த்த அசெட்டிக் ஆசிட் வழக்கம்; வீட்டில் ஆசிட் இருக்கிறதே என்று ஃபார்மிக் ஆசிட்டை எடுத்து ஊற்றிவிட வேண்டாம். செறிவான ஃபார்மிக் ஆசிட் தோலை ஆழமாகப் புண்ணாக்குவதோடு, அதிகமாகப் பட்டால் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் தாக்கும். உண்மையில் ஃபிலிமுக்கு ஸ்டாப் பாத்தே தேவையில்லை. நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றி அலசினால் போதும். ஓர் ஆசிட் பாட்டில் வீட்டில் குறையும். மிஞ்சிய ஆசிட்டை ஃபிக்ஸரில் ஊற்றினால் கந்தக டைஆக்சைடு கிளம்பி, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு உடனே நெஞ்சு அடைக்கும்.

மூடப்பட்ட ஸ்டுடியோக்களிலிருந்து வரும் பழைய பாட்டில்களைப் பற்றியும் எச்சரிக்கிறேன். லேபிள் உதிர்ந்துபோன பாட்டிலில் ஆரஞ்சு நிறப் படிகம் இருந்தால் அது பொட்டாசியம் டைகுரோமேட்டாக இருக்கலாம். சிமெண்ட் வேலை செய்யும் கொத்தனார்களின் கையைக் கெடுக்கும் குரோமியம் இதில் பல மடங்கு செறிவாக இருக்கிறது. நுகர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட. அடையாளம் தெரியாததைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். அதேபோல் கலக்கிய கரைசலைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். குழந்தைகளுக்கு டெவலப்பரும் கோலாவும் ஒன்றுபோலவே தெரியும். பழைய கேமராக்களின் மீட்டரில் இருக்கும் பட்டன் போன்ற பாதரச பேட்டரியையும் குழந்தையின் கைக்கு எட்டவிடக் கூடாது.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. வெள்ளி அயனி பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு. கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர் இது; சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022 முதல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருப்பவை. ஆகவே தென்னை மூட்டிலோ கிணற்றடியிலோ ஃபிக்ஸரைக் கொட்டாமல், மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, அதில் துருப்பிடிக்கும் இரும்பு நாரைச் சில நாட்கள் ஊறவிட்டால், இரும்பு கரைய, வெள்ளி கறுப்பு வண்டலாகப் படியும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் நார் இதற்கு உதவாது. எக்ஸ்ரே படங்களைக் கையால் கழுவிய காலத்தில், வெள்ளி பிரித்தெடுப்பவர்களுக்கு மருத்துவமனைகள் ஹைப்போ எனப்படும் பயன்படுத்திய ஃபிக்ஸரை விற்றதும் இந்த வெள்ளிக்காகவே.

கையில் துளி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்துவைத்துத் தண்ணீர் விட்டுவிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ செல்லுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் 108ஐ அழையுங்கள். அரிப்பு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தோல் மருத்துவரிடம் போய் முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளலாம். சந்தேகத்துக்குரிய பொருள்களை வைத்து ஒட்டிய பட்டியை 48 மணி நேரம் கழித்து எடுத்து, மேலும் ஓரிரு நாட்களுக்குப் பின் மறுபடி பார்த்தால், குற்றவாளி மெட்டாலா, சாயமா, கையுறையா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிட முடியும். வரும்போது நீங்கள் பயன்படுத்தும் டெவலப்பரின் பாக்கெட்டையும் கையுறையில் ஒன்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். கரைசலைக் கொண்டுவர வேண்டாம்.