ஒரே பிட்டுக்கு இரண்டு எண்கள்

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையின் 13-ஆம் பின்னில் எரியும் எல்இடி, ஏடிமெகா328பி சிப்பின் பிபி5 பிட்டோடு இணைந்தது. அந்தப் பிட்டுக்கு இரண்டு எண்கள் உண்டு. பைட்டில் அதன் இடம் 5. அந்தப் பிட் மட்டும் 1 ஆக இருக்கும் எண்ணான மாஸ்க் 32, அதாவது 1-ஐ ஐந்து இடம் இடப்பக்கம் நகர்த்தும் 1<<5. பெயர்களுக்கு எண்களைத் தரும் ஹெடர் கோப்புகளில், இந்தச் சிப் சேர்ந்த ஏவிஆர் குடும்பத்துக்கு, பிபி5 என்றால் வெறும் 5. அசெம்ப்ளி மொழியில் எந்தக் கட்டளைக்கு எது வேண்டும் என்று நிரல் எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்ட்டின் பிட்டை 1 ஆக்கும் எஸ்பிஐ, 0 ஆக்கும் சிபிஐ, ரெஜிஸ்டரின் (சிப்பின் உள் சேமிப்பிடம்) பிட் 1 ஆனால் அடுத்த கட்டளையைத் தாண்டும் எஸ்பிஆர்எஸ் இவற்றுக்கு இடம் வேண்டும். ரெஜிஸ்டரின் பிட்டுகளை 1 ஆக்கும் எஸ்பிஆர், ஓஆர்ஐ, 0 ஆக்கும் சிபிஆர், ஏஎன்டிஐ இவற்றுக்கு மாஸ்க். எஸ்பிஆருக்கும் எஸ்பிஆர்எஸுக்கும் பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு, கேட்பதோ நேர்மாறு. ஆர்16 என்ற ரெஜிஸ்டருக்கு ‘எஸ்பிஆர் ஆர்16, பிபி5’ என்று எழுதினால், 5 பைனரியில் 101 என்பதால் பிட் 0-வும் பிட் 2-வும் 1 ஆகிவிடும். பிட் 5 அசையாது. பிழைச் செய்தியும் வராது. எஸ்பிஐக்கு 1<<5 கொடுத்தால் 32 என்பது 7-ஐத் தாண்டுவதால், நிரலை இயந்திரக் குறியீடாக்கும் அசெம்ப்ளர் மறுத்துவிடும். ஆனால் பிட் 0, 1, 2 ஆகியவற்றின் மாஸ்க்குகள் 1, 2, 4. இவை செல்லுபடியாகும் இடங்களும்கூட என்பதால் தவறு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். இந்த வகைதான் மிக மோசமானது.

பிட்டை அணைக்கும்போது இன்னொரு சிக்கல். சிபிஆர் மாஸ்க்கைத் தானே தலைகீழாக்கிக்கொள்ளும். அதற்கு, எல்லாப் பிட்டையும் புரட்டும் ~ குறியோடு ~(1<<5) கொடுத்தால் பிட் 5 மட்டும் மிஞ்சி மற்ற ஏழும் அழியும். ஏஎன்டிஐக்கு ~ தேவை. அங்கேயும் ~(1<<7) என்பது -129, 8 பிட்டுக்குள் அடங்காது. ~(1<<7) & 255 என்று எழுதினால் 127 கிடைக்கும்.

ஏவிஆரை உருவாக்கிய அட்மெல் நிறுவனத்தின் பழைய அசெம்ப்ளரில் எழுதியதைக் கட்டற்ற மென்பொருளான குனு அசெம்ப்ளருக்கு மாற்றும்போது கணக்கே மாறும். 1<<2+1 அட்மெலில் 8. சி மொழியைப் போலக் கூட்டல்தான் முதலில். குனுவில் இடப்பெயர்ச்சி (<<) பெருக்கலுக்குச் சமமான முன்னுரிமை பெறுவதால் விடை 5. ஆகவே அடைப்புக்குறியைத் தாராளமாகப் போடுங்கள். முகவரியும் மாறும்: பிபி5 இருக்கும் போர்ட்பியின் எண் அட்மெலில் 5, குனுவோடு பயன்படும் ஏவிஆர்-லிப்சி நூலகத்தில் நினைவக முகவரியான 37. எஸ்பிஐ 31 வரைதான் ஏற்கும் என்பதால் 32-ஐக் கழித்துத் தரும் மேக்ரோவில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். கோப்பின் பின்னொட்டு பெரிய எழுத்து ‘எஸ்’ ஆக இருப்பதும் அவசியம். சிறிய எழுத்தானால் சி முன்செயலி ஓடாது, ஹெடரே உள்ளே வராது.

பிஐசி என்ற வேறொரு குடும்பச் சிப்புகளில் வில்லங்கம் எண் அடிமானத்தில் இருக்கிறது. பழைய எம்பிஏஎஸ்எம் அசெம்ப்ளரில் குறியீடு ஏதுமற்ற எண் ஹெக்ஸ், அதாவது 16 அடிமானம். அதன் இடத்துக்கு வந்த பிஐசி-ஏஎஸ்ஸில் தசமம். எண்ணை ஏற்றும் கட்டளையான ‘மூவ்எல்டபிள்யூ 10’ முன்பு 16-ஐ ஏற்றியது, இப்போது 10-ஐ. மாஸ்க் 20 என்று எழுதியிருந்தால் பிட் 5 போய், பிட் 4-ம் பிட் 2-ம் வரும். மாற்றும் முன் எல்லா எண்ணுக்கும் அடிமானக் குறியைச் சேர்த்துவிடுங்கள்.

ஏவிஆரில் சரிபார்க்க அசெம்ப்ளர் தந்த ஆப்ஜெக்ட் கோப்பை ஆப்ஜ்டம்ப் கருவியால் மீண்டும் கட்டளைகளாகப் பிரித்துப் பாருங்கள். எஸ்பிஆர் அங்கே ஓஆர்ஐ ஆகத் தெரியும். பிபி5-க்கான கட்டளையில் ஹெக்ஸ் 20 நிற்க வேண்டும். 05 நின்றால் மாஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இட எண் போயிருக்கிறது.