ஓவர்க்ளாக்கிங்: இதத் தமிழ்ல எப்படிச் சொல்றது?

போன சித்திரையில ஒருநாள் மத்தியானம் கும்பகோணத்துல எங்க அக்கா மவன் லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து, "மாமா, ஓவர்க்ளாக் பண்ணேன், இப்ப கேம் போட்டா பத்து நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடுது"ன்னு நின்னான். திண்ணையில உக்காந்திருந்த எங்கப்பா, "கடியாரத்த என்னடா பண்ணான் இவன்?"னு கேட்டாரு. அவருக்குப் புரியற மாதிரி ஒரு தமிழ்ச்சொல் அப்ப என் வாயில வரல. அந்தக் கேள்விதான் இத எழுத வைக்குது.

கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி கணக்குப் போடுற சில்லுதான் ப்ராசசர், அதுக்குள்ள மணி காட்டுற கடிகாரம் எதுவும் கிடையாது, இருக்கிறது ஒரு தாளம். கோயில்ல நாயனம் வாசிக்கிறப்ப தாளம் போடுறவர் ராகம் எதுவும் வாசிக்கறதில்ல, ஆனா அவர் தட்டுற தட்டுலதான் நாயனமும் தவிலும் சேந்து போவும். அதே மாதிரி போர்டுல ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகிட்டே இருக்கு, அத வச்சு நொடிக்கு 10 கோடி துடிப்பு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் உண்டாக்கி, அத 35 ஆல பெருக்கினா 350 கோடி துடிப்பு, அதத்தான் நாம 3.5 கிகாஹெர்ட்ஸ்னு பெட்டி மேல படிக்கிறோம். ஒவ்வொரு துடிப்புக்கும் ப்ராசசர் ஒரு எட்டு எடுத்து வைக்கும். இவ்வளவுதான் தாங்கும்னு கம்பெனி வச்ச எண்ணிக்கைய மீறி, அந்தப் பெருக்கல் எண்ண 35லேந்து 38, 40ன்னு ஏத்தி விடுறதுதான் ஓவர்க்ளாக்கிங்.

இங்கிலீஷ்ல க்ளாக்குங்கற சொல்லே மணியிலேந்து வந்ததுதான். இடைக்கால லத்தீன்ல க்ளோக்கான்னா அடிக்கிற மணி, ஜெர்மன்ல இன்னிக்கும் க்ளோக்கன்னா மணிதான். நமக்கும் அப்படித்தானே, கோயில்ல அடிக்கிறதும் மணி, நேரம் கேட்டாலும் "மணி என்ன?" நம்ம கடிகாரம் வேற வழியில வந்த சொல்லு, கடிகைன்னா அடியில ஓட்டை போட்ட சின்னப் பாத்திரம், தண்ணில மிதக்க விட்டா மெல்ல ரொம்பி முழுகும், அத வச்சு நாழிகை கணக்கு, 24 நிமிஷம் ஒரு நாழிகை. அதனால ஓவர்க்ளாக்கிங்க வார்த்தைக்கு வார்த்தை மாத்தி 'மேல்கடிகாரம்', 'மிகைக்கடிகாரமாக்கல்'னு எழுதினா நேரம் பாக்கற சாமான்தான் கண்ணு முன்னாடி வருது, எங்கப்பா கேட்ட கேள்விதான் திரும்ப வரும்.

இந்தப் பழக்கம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. 1984ல வந்த ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டர் 6 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், அதுல இருந்தது 12 மெகாஹெர்ட்ஸ் படிகம், அத நெம்பி எடுத்துட்டு 16 படிகத்தச் சொருகி 8ல ஓட்டினாங்க. 1998ல இன்டெல் விட்ட செலரான் 300ஏ ப்ராசசர 300லேந்து 450 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்தி ஓட்டினது அந்தக் காலத்துல பெரிய பேச்சு. அதெல்லாம் மேசைக் கம்ப்யூட்டர், உள்ள காத்து போக எடம் இருந்துச்சு.

லேப்டாப்புல கதையே வேற. முதல்ல, முக்காவாசி லேப்டாப் ப்ராசசர்ல அந்தப் பெருக்கல் எண் பூட்டியே இருக்கும், இன்டெல்ல பேருக்குக் கடைசியில ஹெச்கேன்னு வர்ற மாதிரி சிலதுலதான் தொறந்திருக்கும், அக்கா மவன் வச்சிருக்கறது அந்த மாதிரி. தொறந்திருந்தாலும் சூடு எங்க போவும்? துடிப்ப ஏத்தினா ப்ராசசர் தடுமாறும், அது நிலையா நிக்க மின்னழுத்தத்தையும் ஏத்தணும், சூடு துடிப்போட நேரா ஏறும், அழுத்தத்தோட வர்க்கத்துக்கு ஏறும். ரெண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏத்தினா வேகம் பத்து, சூடு சுமார் 33 சதவீதம். வெரல் தண்டி செப்புக் குழாய் ஒண்ணு ரெண்டும் உள்ளங்கை அளவு ஃபேனும் அத வெளிய தள்ளணும், அதுவும் நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல ஓட்டு வீட்டுக்குள்ள, மெத்தை மேல வச்சுகிட்டு. 100 டிகிரிய நெருங்கினா ப்ராசசர் தன்னால வேகத்தக் கொறச்சுக்கும், அதையும் மீறினா அணைஞ்சிடும், ஆக ஏத்தின வேகம் பல நேரம் கைக்கே வராது. எனக்கு இதவிட பயம், அணையாம தப்புக்கணக்கு போடுறதுதான், ஏன்னா சேவ் பண்ண ஃபைல் கெட்டுப்போனது அப்ப தெரியாது. அதோட லேப்டாப்புல ப்ராசசர போர்டுலயே ஈயம் வச்சு ஒட்டியிருப்பாங்க, அது போனா போர்டே போச்சு, ஓவர்க்ளாக் பண்ணதுன்னு தெரிஞ்சா வாரண்டியும் பெரும்பாலும் கெடைக்காது.

அன்னிக்கு சாயங்காலமே கடைக்கு எடுத்துட்டுப் போனோம். அந்தத் தம்பி அடிமூடியக் கழட்டினா ஃபேன் வாயில தூசி கம்பளி மாதிரி அடைச்சிருக்கு, செப்புத் தகட்டத் தூக்கினா சூட்டக் கடத்துறதுக்கு ப்ராசசர் மேல தடவுன பேஸ்ட், வெத்தலப் பெட்டியில காஞ்சுபோன சுண்ணாம்பு மாதிரி பொரிஞ்சு கெடக்கு. நகத்தால தட்டினா உதிருது. இந்த நெலமையில இருந்த மெஷினத்தான் இவன் ஏத்தி ஓட்டியிருக்கான்.

சரி, சொல்லுக்கு வர்றேன். 'முடுக்கு'ன்னு நம்மகிட்ட ஒரு நல்ல சொல் இருக்கு, மாட்டையும் முடுக்குவோம், திருகாணியையும் முடுக்குவோம், ஆனா முடுக்கம்னு இயற்பியல்ல வேற பொருளுக்கு நிலைச்சுப் போச்சு, கொழப்பும். ப்ராசசருக்கு வச்ச 'செயலி'ங்கற சொல்ல மொபைல் ஆப்புக்கும் வச்சு இன்னிக்கு எதச் சொல்றோம்னே தெரியாம ஆன மாதிரி இன்னொண்ணு வேணாம். என் தேர்வு துடிப்பேற்றம். நாடித்துடிப்பு எல்லாருக்கும் தெரியும், துடின்னா பழந்தமிழ்ல பறையும்கூட, அவங்க மணியில ஆரம்பிச்சா நாம பறையில ஆரம்பிப்போம். வரம்பு மீறினதுன்னு அழுத்திச் சொல்லணும்னா மிகைத்துடிப்பேற்றம்னு எழுதிக்கலாம். விலையேற்றம் மாதிரி நாக்குல உக்காருது, பேச்சுல "துடிப்ப ஏத்திட்டான்"னு உடைச்சும் சொல்லலாம், எதிர்ப்பதமும் தானா கெடைக்குது, அண்டர்க்ளாக்கிங்னா துடிப்பிறக்கம். வேகத்துல கை வைக்காம மின்னழுத்தத்த மட்டும் கொறைக்கிற அண்டர்வோல்ட்டிங்குக்கு அழுத்தக்குறைப்பு.

அன்னிக்கு ராத்திரி எங்கப்பாகிட்ட, "கடியாரம் இல்லப்பா, நாடித்துடிப்ப ஏத்தி விட்டிருக்கான்"னேன். "அதான் காய்ச்சல் கண்ட மாதிரி கொதிக்குதா"ன்னாரு.