அது அமெரிக்கா, இது மன்னார்குடி

2024 தீபாவளி முடிந்து பன்னிரண்டாம் நாள். விடியற்காலையிலிருந்து அடைமழை. ஆட்டோவில் மாமியார் ஒரு பக்கமும் நாத்தனார் ஒரு பக்கமுமாகத் தாங்கிப் பிடித்து அவளைக் கொண்டுவந்தார்கள். சீட் நனைந்தால் ஆட்டோக்காரர் சத்தம் போடுவாரே என்று அடியில் யூரியா சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். நனைந்தது மழையில் இல்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 5.6.

வயது முப்பத்தொன்று. இரண்டு பிள்ளைகள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கடைசியாக எப்போது தூரமானாய் என்று கேட்டேன்.

"ஆடிப்பெருக்குக்கு மொத நாளு டாக்டரம்மா. ஆத்தங்கரைக்குப் போயி படைக்க முடியாமப் போச்சு, அதான் ஞாபகம் இருக்கு."

ஆகஸ்ட் 2. கருக்கலைப்பு மாத்திரை சாப்பிட்டது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். கணக்குப் போட்டால் பன்னிரண்டரை வாரம். ஒன்பது வாரத்துக்குள், அதுவும் டாக்டர் பார்த்து, தர வேண்டிய மாத்திரை அது. யார் கொடுத்தது என்று கேட்டால், வழக்கமான பதில்: "தெரிஞ்சவங்க." இந்தத் தெரிஞ்சவங்களை இருபது வருடமாகத் தேடுகிறேன், ஒருத்தரையும் நேரில் பார்த்ததில்லை. பாதி வெளியே வந்து, மீதி உள்ளே தங்கி, பதினான்கு நாளாக ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

நாள் தள்ளினதுமே ஏன் வரவில்லை என்று கேட்டேன். கேட்டதில் கோபம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"இப்பல்லாம் கலைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களாமே. போன்ல வந்துச்சு. நம்ம கமலாம்மாகூட அதை எதிர்த்துத்தான் நிக்கிறாங்கன்னு சொன்னாங்க."

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார்குடி பக்கத்திலுள்ள துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். அங்குள்ள தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர்கள் செதுக்கிய கல்லில் கமலாவின் பெயரும் இருக்கிறது. அவர் துணை அதிபரானபோது வெடி வெடித்தார்கள், வாசலில் பெயர் எழுதிக் கோலம் போட்டார்கள். 2024-இல் அதிபர் பதவிக்கு நின்றபோது பேனர், சிறப்பு பூஜை. அதனால் எங்கள் பக்கத்தில் அமெரிக்கத் தேர்தலை உள்ளாட்சித் தேர்தல் மாதிரியே பார்த்தார்கள். நடவு வயலில்கூட அதுதான் பேச்சு. கமலா பிரசாரத்தில் எடுத்த பெரிய விஷயங்களில் ஒன்று கருக்கலைப்பு. செப்டம்பர் 10-ஆம் தேதி டிரம்ப்புடன் நடந்த விவாதத்திலும் அது சூடாக ஓடியது. அதை எடுத்து நம் ஆட்கள் வீடியோ போட்டார்கள். "கருக்கலைப்புக்குத் தடை, பெண்கள் கொந்தளிப்பு" என்று மேலே சிவப்பு எழுத்து. எந்த நாட்டில் என்பது மட்டும் இல்லை. இவளுடைய நாத்தனார் போனில் அந்த வீடியோவை நானே பார்த்தேன். அது வந்த வாரத்தில் இவளுக்கு ஆறு வாரம்கூட ஆகவில்லை. அன்றே வந்திருந்தால் மாத்திரையிலேயே முடிந்திருக்கும், வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருப்பாள்.

இவள் முதல் ஆள் இல்லை. 2022-லிருந்தே இந்த வகைக் கேள்வி வருகிறது. அந்த வருடம் ஜூன் 24-ஆம் தேதி அமெரிக்க உச்சநீதிமன்றம், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று 1973-இல் தான் கொடுத்திருந்த ரோ எதிர் வேட் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. கருக்கலைப்பை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யலாம் என்றது. அதிலிருந்துதான் அங்கே அது பெரிய ஓட்டு விஷயமாயிற்று. ஆகஸ்டிலேயே கான்சாஸ் என்கிற மாநிலத்தில் வாக்கெடுப்பு. பழமைவாதிகளின் கோட்டை என்று எல்லோரும் நினைத்த இடம், அங்கேயே மக்கள் கருக்கலைப்பு உரிமையை எடுக்க விடவில்லை. 2024 நவம்பர் 5-ஆம் தேதி பத்து மாநிலங்களில் வாக்கெடுப்பு, ஏழில் உரிமைக்குச் சாதகமாக முடிவு. புளோரிடாவில் நூற்றுக்கு 57 பேர் சாதகமாகப் போட்டும் தோற்றது, அங்கே அறுபது வேண்டும். மிசௌரியில் டிரம்ப்பும் ஜெயித்தார், கருக்கலைப்பு உரிமையும் ஜெயித்தது. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டுக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அரசியல் தெரிந்தவர்கள் விளக்கட்டும், எனக்கு ஓ.பி.யில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அங்கே. இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன், தயவுசெய்து கவனியுங்கள்.

இந்தியாவில் கருக்கலைப்புக்குத் தடை இல்லை. போன மாதம் வரவில்லை, போன வருடமும் வரவில்லை. 1971-இல் சட்டம் போட்டு, 1972 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அனுமதி நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் ரோ தீர்ப்பு வருவதற்கு முன்பே நமக்கு வந்துவிட்டது. 2021-இல் திருத்தி, கால வரம்பைக் கூட்டினார்கள். குறைக்கவில்லை, கூட்டினார்கள்.

"அப்புறம் ஏன் டாக்டரம்மா ஸ்கேன் சென்டரில் குற்றம்னு போர்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்பார்கள். வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். அந்தப் போர்டை முழுசாகப் படியுங்களேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் குற்றம் என்று எழுதியிருக்கும். அது 1994-ஆம் வருடச் சட்டம், பெண் சிசுக்களைக் காப்பாற்றக் கொண்டுவந்தது. குழந்தையின் பாலினத்தைச் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது, பெண் என்று தெரிந்து கலைக்கவே கூடாது. அந்தச் சட்டம் வேறு. கருக்கலைப்பு பற்றிய 1971-ஆம் வருடச் சட்டம் வேறு. முதல் சட்டத்துக்காக வைத்த போர்டில் "குற்றம்" என்கிற ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு, இரண்டாவது சட்டமே இல்லை என்று முடிவு கட்டுகிறோம். படித்தவர்களும்தான். போன மாதம் ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க இதையெல்லாம் வெளியே தெரியாமத்தானே பண்றீங்க?" என்றார். அனுமதிச் சான்றிதழை வரவேற்பறையிலேயே பிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன், அதன் கீழேதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். இருபதுக்கு மேல் இருபத்துநான்கு வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் எல்லோருக்கும் இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், பதினெட்டு வயது ஆகாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிசுவுக்குக் கடுமையான குறை உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதற்கும் மேலே போனால், சிசுவுக்குப் பெரிய குறை இருந்தால், மருத்துவக் குழு முடிவு செய்யும். கருத்தடை முறை தவறிப் போய்த் தரித்த கருவும் இருபது வாரம் வரை சட்டத்துக்குள் வரும். 2021-க்கு முன் அந்த இடத்தில் "மணமான பெண்" என்று இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்சநீதிமன்றமும் இதில் மணமானவர், மணமாகாதவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இதை முழு உரிமை என்று சொன்னால் வக்கீல் நண்பர்கள் என்னைத் திருத்துவார்கள், சரிதான். குற்றவியல் சட்டத்தில் கருவைக் கலைப்பது இன்னமும் குற்றம். 1971 சட்டம் அதற்கு ஒரு விதிவிலக்கு. முடிவைப் பெண் கையில் கொடுக்காமல் டாக்டர் பேனாவில் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் கதவு இருக்கிறது, திறந்துதான் இருக்கிறது.

கணவர் கையெழுத்து? வேண்டாம். பதினெட்டு வயது முடிந்திருந்தால் பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். மாமியாருடையதும் வேண்டாம், அண்ணனுடையதும் வேண்டாம். "அவர் திருப்பூர்லேருந்து வரட்டும்" என்று மூன்று வாரம் காத்திருப்பது அநியாயம். இதில் எங்கள் ஆட்கள் மேலும் குறை இருக்கிறது. நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் என்று பயந்து கணவரைக் கூட்டி வரச் சொல்கிறார்கள். இன்னும் சில இடங்களில், கலைக்க வேண்டுமென்றால் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. என் துறைத் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

"நர்சம்மா பேரு எழுதி பிக்மி நம்பர் போட்டுட்டாங்க, இனிமே முடியாதுல்ல?" என்பது அடுத்த பயம். முடியும். அது கர்ப்பத்தைக் கவனிக்கப் பதிவு செய்யும் எண், கையைக் கட்டிப்போடும் கயிறு இல்லை. உங்கள் விவரத்தை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் எங்களுக்கு ஒரு வருடம் வரை சிறை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகும். அப்போதும், பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவள் யார் என்று டாக்டர் தெரிவிக்க வேண்டியதில்லை என்று அதே 2022 உச்சநீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. பயந்து மறைக்காதீர்கள், பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.

ஏன் இவ்வளவு தூரம் தெரியாமல் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் இது எந்தத் தேர்தலிலும் பேசப்படுகிற விஷயமில்லை. மிக்ஸி, கிரைண்டர், தாலிக்குத் தங்கம், உரிமைத் தொகை என்று பெண்களுக்காக எத்தனையோ அறிவிப்புகள் இந்த டெல்டாவில் மைக் கட்டி ஓடின. கருக்கலைப்பு என்கிற வார்த்தையை நான் கேட்ட ஒரு மேடையிலும் யாரும் சொன்னதில்லை. ஒரு விதத்தில் அது நல்லதுதான். அங்கே மாதிரி மாநிலத்துக்கு மாநிலம் இதை வைத்துக் கட்சி கட்டி அடித்துக்கொண்டால், என் ஓ.பி.க்கு வருகிற பெண் தேர்தல் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் சண்டை நடந்த நாட்டில் சட்டம் என்ன என்பது தெருவுக்குத் தெரிகிறது. சண்டையே இல்லாத நம்மிடம் ஐம்பது வருடச் சட்டம் யாருக்கும் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சிவப்பு எழுத்து வீடியோ வந்து உட்கார்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் இதற்காகப் பிரசாரம் பண்ண வேண்டாம். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் நான்கு வரி எழுதிப் போட்டால் போதும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நாள் தள்ளினால் ஒரு வாரத்துக்குள் சோதித்துப் பாருங்கள். கார்டு மெடிக்கலில் கிடைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணம் கேட்க மாட்டார்கள். வாரத்தைக் கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள், தள்ளிப்போன நாளிலிருந்து எண்ணாதீர்கள். "ஒன்றரை மாசம்" என்று வந்து ஸ்கேனில் பதினோரு வாரம் காட்டிய கதை எத்தனை!

ஸ்கேன் பார்க்காமல் மாத்திரை போடாதீர்கள். நூறில் ஒன்றிரண்டு கர்ப்பம் கருப்பைக்கு வெளியே, குழாயில் உட்கார்ந்துவிடும். அதற்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. குழாய் வெடித்தால் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிற நேரம்கூட இருக்காது. ரத்தம் நெகடிவ் குரூப் என்றால் முன்பே சொல்லுங்கள், ஊசி தேவைப்படலாம்.

அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை. தனியார் என்றால் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பப்பாளி, எள்ளுருண்டை, அன்னாசி என்று வாரங்களைத் தின்றே தீர்க்காதீர்கள். கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைப்பது பற்றி இந்தக் காலத்திலும் எழுத வேண்டியிருக்கிறதே என்று இருக்கிறது. ஆனால் போன வருடம் ஒன்று பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். அதைச் செய்கிறவரை வீட்டு வாசலில் சேர்க்காதீர்கள்.

மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், காய்ச்சல் வந்தால், மயக்கம் வந்தால், தோள்பட்டை வலித்தால் உடனே கிளம்புங்கள். யார் என்ன நினைப்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள் அம்மா. நாங்கள் திட்டினாலும் வைத்தியம் பார்ப்போம்.

அந்தப் பெண்ணுக்கு உள்ளே தங்கியதை உறிஞ்சி எடுத்தோம், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்தாள். வீட்டுக்குப் போகும்முன் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போலீஸ் வருமா என்று கேட்டார். வராது பெரியம்மா என்றேன். அப்படியும் நம்பாமல், ஆட்டோ ஏறும்வரை கேட்டைப் பார்த்துக்கொண்டேதான் போனார். இரும்புச்சத்து ஊசி அடுத்த வியாழக்கிழமை. மழை விட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நாத்தனாரையும் கூட்டி வா, அந்த போனையும் எடுத்து வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.