சிக்மா காரணி: சொல்லும் பொருளும்

மரபணுவில் உள்ள செய்தியை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். பாக்டீரியாவில் இந்த நொதியின் உடற்பகுதிக்குப் படியெடுக்கத் தெரியும், எங்கே தொடங்குவது என்று தெரியாது. டி.என்.ஏ.வில் அந்த இடத்தை அடையாளம் கண்டு நொதியை அங்கே உட்கார வைக்கும் புரதம்தான் சிக்மா காரணி. படியெடுப்பு தொடங்கியதும் பெரும்பாலும் அது கழன்றுகொள்ளும்.

1969இல் ரிச்சர்ட் பர்கஸ், ஆண்ட்ரூ டிராவர்ஸ் முதலியோர் ஈ.கோலை பாக்டீரியாவின் நொதியை மேலும் தூய்மைப்படுத்தியபோது, அந்தப் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரசின் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் திறன் ஏறக்குறையப் போய்விட்டது. பிரிந்துபோன ஒரு புரதத்தைத் திரும்பச் சேர்த்ததும் திறனும் திரும்பியது. நொதியின் மற்ற பகுதிகளுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் இருந்ததால் இதற்கும் ஒரு கிரேக்க எழுத்து அமைந்தது.

ஈ.கோலையில் ஏழு சிக்மாக்கள் உண்டு. சிக்மா 70 அன்றாட வேலைகளுக்கு. சிக்மா 38 பட்டினிக் காலத்துக்கு. சிக்மா 32 வெப்பத்துக்கு. எண்கள் அந்தப் புரதங்களின் எடையை ஆயிரம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கணக்கில் சொல்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது சிக்மா 32தான். இதமான சூட்டில் அது உருவான ஒரு நிமிட அளவிலேயே பாதி அழிந்துவிடும். புரதங்களைச் சரியாக மடிக்க உதவும் டி.என்.ஏ.கே. என்ற துணைப்புரதம் அதைப் பிடித்துக்கொள்ள, வேறொரு நொதி சிதைத்துவிடுகிறது. சூடு 42 டிகிரிக்கு ஏறினால் செல்லெங்கும் புரதங்கள் குலையும். துணைப்புரதம் அவற்றைக் காப்பாற்ற ஓடிவிடும். பிடி விட்ட சிக்மா 32 நொதியோடு சேர்ந்து, அதே துணைப்புரதங்களை இன்னும் நிறைய உண்டாக்கும் மரபணுக்களைப் படியெடுக்க வைக்கிறது. குலைந்தவை சீரானதும் துணைப்புரதத்துக்குக் கை ஓயும். அப்புறம் சிக்மாவுக்கு மறுபடியும் பிடி. வெப்பமானி இல்லாமலே சூட்டை அளக்கும் ஏற்பாடு இது!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஃபாக்டர்' என்ற சொல்லுக்கு லத்தீனில் 'செய்பவர்' என்று பொருள். நாம் ஆளும் 'காரணி'யும் 'செய்' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வருவதுதான். வேருக்கு வேர் பொருந்துகிறது, வேலைக்குத்தான் பொருந்தவில்லை. படியெடுப்பைச் செய்வது நொதி. சிக்மா இடத்தைச் சுட்டுகிறது. அதனால் 'இடஞ்சுட்டி' என்பதே தகும் என்று நினைக்கிறேன். சிக்மா என்ற எழுத்துப்பெயர் அப்படியே இருக்கட்டும்: 'சிக்மா 32 இடஞ்சுட்டி'.

இதையொட்டி வரும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை 'அழுத்தம்' என்று எழுதுவதும் குழப்பம் தருகிறது. சூடு, பட்டினி, உப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக நம்மிடம் 'நெருக்கடி' இருக்கிறது. சிக்மாவைப் பிடித்து முடக்கிவைக்கும் புரதங்களும் பல பாக்டீரியாக்களில் உண்டு. அவற்றை 'எதிர் சிக்மா காரணி' என்பதைவிட 'சுட்டித்தடை' என்றால், படிக்கும் மாணவருக்கு வேலை உடனே விளங்கும்.