கைகட்டி நின்ற அரசனுக்கே கடன் கிடைத்தது

1672 ஜனவரியில் லண்டன் லம்பார்ட் தெருப் பொற்கொல்லர்கள் சிலருக்குத் தூக்கம் போனது. இவர்கள் பெயருக்குத்தான் பொற்கொல்லர்கள். ஊரார் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸுக்கு வட்டிக்கு விடுவதுதான் இவர்களுக்கு முக்கிய வரும்படி. வரப்போகும் வரிப்பணத்திலிருந்து அசலைத் தருவதாக மன்னர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் டச்சுக்காரர்களோடு சண்டைக்குக் கப்பல் தயார்செய்ய வேண்டும், கையில் காசு இல்லை. இந்த வருஷம் கடன் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது என்று கஜானாவை மூடிவிட்டார். சுமார் 13 லட்சம் பவுண்டு உள்ளே மாட்டிக்கொண்டது. பொற்கொல்லர்கள் பிற்பாடு தொடுத்த வழக்கு 1700 வரை இழுத்தது. கடைசியில் பாதி அசலுக்குத்தான் வழி பிறந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கடனைத் திருப்பித் தராவிட்டால் புரோநோட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். அந்தக் கோர்ட்டே கடன் வாங்கியவரின் பெயரில் நடந்தால்?

17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றிப் படிக்கும்போது முழு முடியாட்சி, வரம்புக்குட்பட்ட முடியாட்சி, அதிகாரச் சமநிலை என்று மூன்று சொற்கள் வரும். பரீட்சைக்கு மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருப்போம். இந்தப் பொற்கொல்லர்களின் நிலையில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் என்று தெரியும். அந்த இயந்திரத்தை ஓட்டிய எண்ணெய், கடன்.

அரசர்களுக்கு ஏன் அவ்வளவு கடன்? சண்டைக்குத்தான். பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை 1690களில் காகிதக் கணக்குப்படி 4 லட்சம் பேரைத் தொட்டது. சிப்பாய்க்குச் சோறு இன்றைக்கே போட வேண்டும். வரியோ வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வரும். இடைவெளியை அடைக்கக் கடனை விட்டால் வழியில்லை. ஆகவே இரண்டு நாடுகள் மோதும்போது யாரிடம் அதிகப் பணம் இருக்கிறது என்பதைவிட, யாருக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

முதலில் பிரான்ஸைப் பார்ப்போம். ‘நானே அரசு’ என்று லூயி சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பகமான சான்று கிடையாது. முழு முடியாட்சி என்றால் அரசன் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று பொருளில்லை. சட்டம் செய்யும் உரிமை அரசனுக்கு மட்டுமே உண்டு, அதற்கு அவன் கடவுளுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்பதுதான் கொள்கை. நடைமுறையில் பிரிட்டனி, லாங்கடாக் போன்ற மாகாணங்களில் உள்ளூர் அவைகள் வரித்தொகையைப் பேரம் பேசின. பார்ல்மான் என்ற உயர் நீதிமன்றங்கள் அரசாணைகளைப் பதிவு செய்தாக வேண்டும். முதலில் பதிவு செய்யுங்கள், ஆட்சேபணையை அப்புறம் சொல்லுங்கள் என்று 1673இல் லூயி அவற்றின் வாயை அடைத்தார். (பெயரைப் பார்த்து இதை இங்கிலாந்தின் பார்லிமென்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது நீதிபதிகள் கூட்டம், அது வரிக்குச் சம்மதம் தரும் அவை.) நாடு முழுமைக்கும் பொதுவான பிரதிநிதிகள் சபை 1614இல் கூடியதோடு சரி.

2 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் அரசன் நினைத்த மாத்திரத்தில் நியமிக்கவும் நீக்கவும் முடிந்த மாகாண அதிகாரிகள் 30 பேர் அளவில்தான் இருந்தார்கள். மற்ற பதவிகளில் பெரும்பாலானவை விற்கப்பட்டவை.

இந்த விற்பனையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு முடியாட்சியின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன. நீங்கள் ஒரு நீதிபதிப் பதவியைப் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறீர்கள். அரசு உங்களுக்கு ஆண்டுதோறும் சம்பளம் தருகிறது. அந்தச் சம்பளம் நீங்கள் போட்ட முதலுக்கு ஏறக்குறைய வட்டி மாதிரி. 1604 முதல், பதவியின் மதிப்பில் 60இல் ஒரு பங்கை வருஷா வருஷம் கட்டிவந்தால் பதவியை மகனுக்கு விட்டுச் செல்லலாம், விற்கவும் செய்யலாம். வெளியே பார்த்தால் வேலை. உள்ளே பார்த்தால் அரசனுக்குக் கொடுத்த கடன். அரசன் சொல்லை நம்பிக் கடன் கொடுக்க யாரும் முன்வராததால், கடனைப் பதவியாக வேஷம் போட்டு விற்றார்கள்.

பணமுடை கூடக்கூடப் பதவிகளும் பெருகின. லூயியின் கடைசிக் காலப் போர்களின்போது பன்றியின் நாக்கைச் சோதித்து நோய் உண்டா என்று பார்க்கிற வேலைகூட விலைக்கு வந்தது. ‘தாங்கள் ஒரு பதவியைப் படைக்கும்போதெல்லாம் அதை வாங்க ஒரு முட்டாளைக் கடவுள் படைக்கிறார்’ என்று நிதியமைச்சர் போன்சார்த்ரான் மன்னரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆனால் வாங்கியவர்கள் அப்படியொன்றும் முட்டாள்களாகத் தெரியவில்லை. பல பதவிகளோடு வரிவிலக்கு சேர்ந்து வந்தது. சில உயர்பதவிகள் குடும்பத்துக்குப் பிரபு அந்தஸ்தையே வாங்கித் தந்தன. ஆக, அரசன் இன்றைய ரொக்கத்துக்காக நாளைய வரியை விற்றுக்கொண்டிருந்தார். பணக்காரர்கள் ஒவ்வொருவராக வரி வலையிலிருந்து நழுவ, குடியானவன் தலையில் சுமை ஏறியது. தவிர, காசு கொடுத்து இருக்கையை வாங்கிய நீதிபதியை நீக்க வேண்டுமானால் அந்தக் காசைத் திருப்பித் தர வேண்டும். அது அரசனிடம் கிடையாது. எல்லாம் வல்ல மன்னர் தன் சொந்த நீதிபதிகளையே வேலையைவிட்டு அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு பக்கம், நெருக்கடி முற்றினால் கடன்களை வெட்டும் வழக்கம் பிரெஞ்சு அரசுக்கு இருந்தது. 1648, 1661, 1716, 1759, 1770 என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு வெட்டும் அடுத்த கடனின் வட்டியை ஏற்றியது. வெர்சாய் அரண்மனையில் பார்ப்பவர் கண்ணைப் பறித்த வெள்ளி மேசை நாற்காலிகளை 1689இல் லூயி உருக்கி நாணயமாக்கினார். எப்பேர்ப்பட்ட ஆடம்பரம் என்று நாம் வியக்கும் அந்த அரண்மனை, அவசரத்துக்கு அடகு வைக்கும் நகை மாதிரியும் இருந்திருக்கிறது.

அதே 1689இல் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், வேறொன்று நடந்தது. முந்தைய நவம்பரில் ஹாலந்திலிருந்து படையோடு வந்து இறங்கிய வில்லியத்துக்கும் அவர் மனைவி மேரிக்கும் பார்லிமென்ட் முடிசூட்டியது. கூடவே உரிமைப் பிரகடனம் ஒன்று வந்தது: பார்லிமென்டின் சம்மதமின்றி வரி கிடையாது, சமாதான காலத்தில் நிரந்தரப் படையும் கிடையாது, சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் மன்னருக்குக் கிடையாது. வரம்புக்குட்பட்ட முடியாட்சி என்பது இதுதான். வில்லியம் இதையெல்லாம் ஒத்துக்கொண்டது சுதந்திரத்தின் மீதுள்ள காதலால் அல்ல என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு லூயியோடு சண்டை போடப் பணம் வேண்டியிருந்தது. அவர் பிறந்த ஹாலந்து மாகாணம், வணிகர்கள் தாங்களே நடத்திய அரசு. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே 4% வட்டிக்குக் கடன் வாங்கிய இடம். அந்த வித்தை அவரோடு கப்பலேறி வந்தது.

வித்தை நடந்த விதத்தை 1694இல் தொடங்கிய இங்கிலாந்து வங்கியில் காணலாம். 1,200க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 12 லட்சம் பவுண்டை அரசுக்குக் கடனாகத் தந்தார்கள். வட்டி 8%. கப்பல்களின் கொள்ளளவின் மீதும் மதுவின் மீதும் வரி போட்டு, அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு வங்கிக்குப் போக வேண்டும் என்று பார்லிமென்ட் சட்டமே செய்தது. வட்டிக்கு 96,000, நிர்வாகச் செலவுக்கு 4,000. கடன் மன்னரின் சொந்தக் கடனாக இல்லாமல் நாட்டுக் கடனாயிற்று. மன்னர் செத்தாலும் ஓடிப்போனாலும் அது நிற்கும். பார்லிமென்டைக் கேட்காமல் மன்னருக்குக் கடன் தரக்கூடாது என்று வங்கியின் கையையும் கட்டினார்கள்.

கடன் கொடுத்தவர்கள் ஏன் நம்பினார்கள்? பார்லிமென்டில் உட்கார்ந்திருந்தவர்களும் கடன் கொடுத்தவர்களும் பெருமளவு ஒரே வட்டம்: நிலக்கிழார்கள், வணிகர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள். தன் பணத்துக்குத் தானே நாமம் போட யார் ஓட்டுப் போடுவார்? கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு நிற்கவும் தேவையில்லை. பங்கை வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். நம்பிக்கை ஒரு நாளில் வந்துவிடவில்லை. 1693இல் ஆயுள் முழுக்க 14% தருவதாகச் சொல்லித்தான் அரசால் பணம் திரட்ட முடிந்தது. 1730களில் அதே அரசுக்கு 3% வட்டிக்குக் கடன் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு, அரசனைக் கட்டிப்போட்டதால் மக்களுக்கு வரி குறைந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நடந்தது நேர்மாறு. 18ஆம் நூற்றாண்டில் சராசரி ஆங்கிலேயர், சராசரி பிரெஞ்சுக்காரரைவிட அதிக வரி கட்டினார். பீர், உப்பு, சோப்பு, மெழுகுவத்தி, தோல் என்று எல்லாவற்றிலும் கலால் வரி. கலால் அதிகாரிகள் அளவுகோலோடு பீர்ச் சாலைகளுக்குள் நுழைந்து பீப்பாயை அளந்தார்கள். போர்க்காலத்தில் நில வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போனது. வாக்குரிமையோ மிகச் சிலருக்குத்தான். சொத்துள்ளவர்கள் ஒத்துக்கொண்டு போட்ட வரி என்பதால் அது வசூலானது, அவ்வளவுதான்.

இங்கேதான் அதிகாரச் சமநிலை வருகிறது. ஐரோப்பாவில் எவரும் மற்ற எல்லாரையும் மிஞ்சும் அளவுக்குப் பெருத்துவிடக் கூடாது. பெருத்தால் மற்றவர்கள் சேர்ந்து எதிர்ப்பக்கத் தட்டில் ஏறி நிற்க வேண்டும். தராசுக் கணக்கு. இதில் நிரந்தர நண்பன் இல்லை, எடைதான் பேசும். 1700இல் ஸ்பெயின் மன்னர் பிள்ளையில்லாமல் இறந்து, லூயியின் பேரன் பிலிப்புக்கு மொத்த சாம்ராஜ்யத்தையும் எழுதிவைத்தார். பிரான்ஸும் ஸ்பெயினும் ஒரே குடும்பத்தின் கையில் என்றால் தராசு சாய்ந்துவிடும் என்று பயந்து இங்கிலாந்து, ஹாலந்து, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து பத்தாண்டுக்கு மேல் போரிட்டன. ஸ்பெயின் அரியணைக்கு அவர்கள் நிறுத்திய ஆள் ஆஸ்திரிய இளவரசர் சார்ல்ஸ். 1711இல் அவருடைய அண்ணன் இறந்துபோக, சார்ல்ஸே புனித ரோமப் பேரரசர் ஆகிவிட்டார். இப்போது அவருக்கு ஸ்பெயினையும் கொடுத்தால் தராசு மறுபக்கம் சாயும். பிரிட்டன் தன் சொந்த வேட்பாளரையே கைகழுவிவிட்டு லூயியோடு பேச உட்கார்ந்தது. 1713 உத்ரெக்ட் உடன்படிக்கைப்படி பிலிப் ஸ்பெயினை வைத்துக்கொண்டார், பிரெஞ்சு அரியணை மீதான உரிமையை விட்டுக்கொடுத்தார். அதிகாரச் சமநிலை என்ற சொல் அந்த உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது.

இந்தத் தராசில் ஒவ்வொரு முறையும் எடைக்கல்லை எடுத்து வைத்தது பெரும்பாலும் லண்டனின் கடன் பணம்தான். நேச நாட்டுப் படைகளுக்குச் சம்பளமே அங்கிருந்து போனது. பிரிட்டிஷ் படையை வைத்துக்கொள்ளப் பார்லிமென்ட் ஆண்டுதோறும் புதுப்பித்த சட்டத்தின் முகவுரையில், 1727 முதல், ஐரோப்பாவின் அதிகாரச் சமநிலையைக் காப்பது என்ற காரணமும் இடம்பெற்றது. அரசனைக் கட்டிய கயிறும் வெளியுறவுக் கொள்கையும் ஒரே தாளில்.

கயிறு மட்டும் போதும் என்றால் போலந்து பிழைத்திருக்கும். அங்கே மன்னரைப் பிரபுக்கள் தேர்ந்தெடுத்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர் ‘சம்மதமில்லை’ என்றால் கூட்டத்தொடரே கலைந்தது. 1652இல் தொடங்கிய இந்த வழக்கத்தால் வரியும் இல்லை, படையும் இல்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும், நடுத் தவணை நீங்கலாக ஆஸ்திரியாவும், நாட்டையே பங்கு போட்டுக்கொண்டன. எடையில் யாருக்கும் குறைவு வந்துவிடக் கூடாதாம்.

இந்தத் தராசின் ஆட்டம் சோழமண்டலக் கரையிலும் தெரிந்தது. 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்த புதுச்சேரி, 1697இல் ஹாலந்தின் ரிஸ்விக் அரண்மனையில் போடப்பட்ட சமாதானத்தால் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். 1748 உடன்படிக்கையில் அது பிரிட்டனிடம் திரும்பியபோது, கனடாக் கரையிலிருந்த லூயிபூர்க் கோட்டை பிரான்ஸுக்குத் திரும்பியது. மயிலாப்பூருக்கு வடக்கே இருந்த ஒரு கோட்டைக்குப் பதில் அட்லாண்டிக் பனியில் இருந்த ஒரு கோட்டை.

பிரான்ஸ் கதையை முடித்துவிடலாம். அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவ 1770களின் கடைசியில் நிதிப் பொறுப்பிலிருந்த நெக்கர், ஆயுள் பத்திரங்கள் விற்றார். பணம் போட்டவர் ஒருவர் பெயரைக் காட்டினால், அந்த நபர் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் ஒரு தொகை வரும். கிழவரோ குழந்தையோ, விகிதம் ஒன்றுதான். ஜெனீவா வங்கிக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்து, அம்மை கண்டு தேறிவிட்ட சிறுமிகள் 30 பேரைப் பொறுக்கி, அவர்கள் பெயரில் பணத்தைக் கொட்டினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஊரே கவலைப்பட்டது. 1788இல் பிரெஞ்சு அரசின் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. மேலும் வரி போடுவதானால் நாட்டின் பிரதிநிதிகளைக் கூட்டுங்கள் என்று நீதிமன்றங்கள் பிடிவாதம் பிடிக்க, 175 ஆண்டுகளுக்குப் பிறகு, 1789 மே 5 அன்று வெர்சாயில் அந்தச் சபை கூடியது. அப்புறம் நடந்தது தெரிந்ததுதான்.

1797இல் புரட்சிக் குடியரசு நாட்டுக் கடனில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டது. ஜெனீவாச் சிறுமிகளில் பலர் அப்போதும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள்.