ஏஐ செய்த கல்யாணப் பத்திரிகையோடு அச்சகத்துக்கு வருமுன்

முகூர்த்த மாதம் பிறந்தால் போதும். எங்கள் அச்சகத்து வாட்ஸ்அப்பில் ஏஐ செய்த பத்திரிகைப் படம் ஒன்று வரும், பின்னாலேயே குரல் பதிவு வரும்: "டிசைன் ரெடி அண்ணா, பிரிண்ட் மட்டும் போட்டுக் குடுங்க. சாயங்காலம் 500 கார்டு வேணும்." ரெடி இல்லை, தம்பி. ஏன் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே மொத்தமாக.

அடுத்து வரப்போகும் டிசைன் டிரெண்ட் என்ன என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அச்சகத்துக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது: வாடிக்கையாளரே ஏஐயில் செய்து எடுத்துவரும் படம். வரட்டும். பின்னணியும் பூ வேலைப்பாடும் பல நேரம் அழகாகவே இருக்கின்றன. (மாப்பிள்ளைக்கு வடநாட்டுத் தலைப்பாகை கட்டிவிடுவதை மட்டும் கவனியுங்கள்.) வம்பு எழுத்தில்தான்.

அந்தப் படத்தில் இருக்கும் தமிழை யாரும் தட்டச்சு செய்யவில்லை. அங்கே ஃபாண்ட் கிடையாது, தனித்தனி அடுக்கு (லேயர்) கிடையாது, க என்றோ கா என்றோ கணினிக்கு அடையாளமும் கிடையாது. பூவை வரைந்த அதே கையால் எழுத்தையும் வரைந்திருக்கிறது. "அந்தப் பேரை மட்டும் மாத்திடுங்க, ரெண்டு நிமிஷ வேலைதானே" என்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். பெயரை மாற்ற வேண்டுமானால் பழைய எழுத்தை அழித்து, அதன் பின்னாலிருக்கும் பூவைத் திரும்ப வரைந்து, பக்கத்து எழுத்தோடு பொருந்தாத வேறொரு ஃபாண்டில் புதிதாக அடிக்க வேண்டும்.

2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் புதிய படமாக்கும் வசதி வருவதற்கு முன்பு, ஏஐ எழுதிய தமிழ் பெரும்பாலும் கிறுக்கல். அதில் ஒரு நன்மை இருந்தது: பார்த்ததுமே தெரிந்துவிடும். இப்போது 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பு கச்சிதமாக விழுகிறது, அதைப் பார்த்தே மொத்தத்தையும் நம்பிவிடுகிறார்கள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சின்ன எழுத்தில் இருக்கும் முகவரி வரியில் ணகரம் ஒரு சுழி குறைந்து னகரமாகியிருக்கும். மெய்யின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலைக்கு மேல் போயிருக்கும். 'கொ'வில் கொம்பு நிற்கும், கால் காணாமல் போயிருக்கும்; கொளத்தூர் கெளத்தூர் ஆகிவிடும். அந்த ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னால் ஏஐ பெரும்பாலும் முழுப் படத்தையும் மறுபடி வரைகிறது. கேட்ட எழுத்து சரியாகும், அதுவரை சரியாக இருந்த தேதி மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து படிக்கணும். ஏஐ வரைந்த க்யூஆர் கோடும் இப்படித்தான். வெறும் கட்டம், பெரும்பாலும் ஸ்கேன் ஆகாது.

சரியான வழி சிரமமானதல்ல. ஏஐயிடம் பின்னணியை மட்டும் கேளுங்கள்: "எழுத்து எதுவும் வேண்டாம், நடுவில் காலி இடம் விடு." வாசகத்தை யூனிகோடில் (போனில் சாதாரணமாக அடிக்கும் தமிழ்தான்) தனியாக அடித்துக் கொடுங்கள். மற்றதைக் கோரல், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற டிசைன் மென்பொருளில் நாங்கள் பார்த்துக்கொள்வோம். கேட்லாக்கில் பார்த்த, காசு கொடுத்து வாங்கும் ஃபாண்ட்தான் வேண்டும் என்று கேட்க வேண்டாம். கூகுள் ஃபாண்ட்ஸில் கட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை எல்லாம் இலவசம், உரிமைத் தொல்லையும் இல்லை.

தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இல்லஸ்ட்ரேட்டரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போனால், புள்ளிகளாலான வட்டம் தனியாக நின்றால், ஃபாண்டைத் திட்டாதீர்கள். பிரிஃபரன்ஸ் போய் டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷன்ஸை டிக் செய்யுங்கள். இன்டிசைனில் பத்திக்கு வேர்ல்டு ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். பாமினி என்ற பழைய ஃபாண்ட் முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவே ஆங்கிலம் இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாக மாறும், தனியாகப் பார்க்கணும். அச்சுக்குப் போகும் ஃபைலில் எழுத்தைக் கர்வ் (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்குங்கள், ஆக்காத நகல் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள்.

அளவுக்கு வருவோம். 5 × 7 அங்குல அட்டைக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே விடும் ஓரம்) சேர்த்து, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏறக்குறைய 1571 × 2171 பிக்சல் தேவை. ஏஐ தருவது பல நேரம் 1024 × 1536. அதாவது ஏறக்குறைய 200 டிபிஐ. பூவும் வண்ணக் கலவையும் அதைத் தாங்கும். 9 பாயிண்ட் அளவுச் சின்ன எழுத்து தாங்காது. போட்டோஷாப்பில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு ரெசல்யூஷனில் 72ஐ 300 என்று மாற்றினால் பிக்சல் கூடாது, அச்சளவுதான் சுருங்கும். போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி அதையும் நசுக்கிவிடுகிறீர்கள். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஃபார்வர்டு ஆன படத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

திரையில் மின்னும் தங்க எழுத்து ஆஃப்செட் அச்சில் கடுகு நிறமாகத்தான் வரும். நான்கு மையில் (நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு) மினுக்கம் கிடையாது. தங்கம் வேண்டுமென்றால் ஃபாயில், அதாவது அட்டையில் அழுத்தி ஒட்டும் மின்னும் தகடு. அதற்கு எழுத்துகள் மட்டும் ஒரே கருப்பில், வெக்டராக (பிக்சல் இல்லாத கோட்டு வடிவமாக), தனி ஃபைலாக வேண்டும். படத்திலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. நியான் பச்சையும் மின்நீலமும் மங்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சின்ன எழுத்து கருப்பு மையில் மட்டும், கே 100, அதாவது கருப்பு நூறு சதவீதம். படத்திலுள்ள கருப்போ நான்கு மை கலந்தது. ரிஜிஸ்டர் (நான்கு மையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு முடியளவு விலகினால் எழுத்தின் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும் நிழலடிக்கும்.

மண்டபத்துக்கு வழிகாட்டும் க்யூஆர் கோடு வைக்க ஆசை என்றால் வையுங்கள். மேப் இணைப்பை நேரடியாகப் போட்ட ஸ்டாட்டிக் கோடாக இருக்கட்டும். சில இலவசத் தளங்களின் டைனமிக் கோடு (அந்தத் தளம் வழியாகவே மேப்புக்குப் போவது), சோதனைக் காலம் முடிந்ததும் செத்துப்போகும். அட்டை வீடு வீடாகப் போன பிறகு. 2 செ.மீ.க்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, வெளிர் நிறத்தின் மேல் அடர்நிறத்தில். ஃபாயில் மேல் வேண்டவே வேண்டாம்.

ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரியை, போனில் பார்த்து கட்டைவிரல் எமோஜி அனுப்பாதீர்கள். அசல் அளவில் தாளில் எடுத்து, டிசைனைப் பார்க்காத ஒருவரை, முடிந்தால் வீட்டுப் பெரியவரை, எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை போன் போடுங்கள். கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று காலண்டரில் பாருங்கள். பிறகு தாளிலேயே கையெழுத்து. அதற்கப்புறம்தான் பிளேட் (அச்சுத் தகடு) போடுவோம். அதற்கு மேல் கண்ணில் படும் பிழைக்குப் புது பிளேட், புது அட்டை, காசு உங்களுடையது.